ஹெரால்டின் தம்பி



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் எனக்கு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது மணி அடிக்கவும் ஆளில்லை. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தது பலருக்குத் தெரியும். அவன் இருப்பது கோவென்ட்ரி என்ற ஊர். ஒரு காலத்தில் கார் செய்தே பிழைத்த ஊர், நம்ம சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர், வயது 76. ஓய்வுபெற்றவரை ஓய்வுபெற்றவர் கண்டால் விடுவாரா? இரண்டாவது வாரமே சிநேகம் ஆகிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, "எங்க ஆட்கள் கூடுற இடத்துக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். சர்ச்சுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

போன இடம் ஊருக்கு வெளியே ஒரு விடுதியின் கார் நிறுத்துமிடம். அங்கே இருபது, இருபத்தைந்து ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றன. எல்லாம் பழையவை, இரண்டே இருக்கை, தலைக்கு மேல் துணிக்கூரை, உட்கார்ந்தால் இடுப்பு ரோட்டைத் தொடும் போலிருக்கிறது. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்கில் டீயோடு கிழவர்கள். நம்ம ஊர் வேப்பமரத்து மேடையைத் தூக்கி அங்கே வைத்த மாதிரி இருந்தது.

புதிதாக யார் வந்தாலும் அவர்கள் மூன்று கேள்வி கேட்பார்களாம். வயது என்ன? இதுவரை என்னென்ன வண்டி வைத்திருந்தீர்கள்? பணம் ஒரு பொருட்டே இல்லை என்றால் உங்கள் கராஜில் எதை நிறுத்துவீர்கள்? மூன்றாவதுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. மூன்று வண்டிக்கு மேல் சொல்லக்கூடாது. ஆசைக்கும் ரேஷன்.

என் முறை வருவதற்குள் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டேன். தபால்காரர் 23 வயதில் பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று வாங்கினாராம். முதல் குழந்தை பிறந்ததும் விற்றுவிட்டார், இரண்டு இருக்கையில் மூன்று பேர் எப்படிப் போவது? பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகு, 58 வயதில் அதே மாதிரி இன்னொன்று வாங்கினார். அடுத்தவருக்கு 81. எம்.ஜி.ஏ. வைத்திருந்து, கல்யாணத்துக்காக விற்றவர். அந்த நாட்டில் வண்டி எண்ணை அரசாங்க இணையதளத்தில் தட்டினால், வரி கட்டி ரோட்டில் ஓடுகிறதா இல்லையா என்று காட்டிவிடும். அவர் வருடத்துக்கு ஒரு தடவை, பிறந்த நாள் அன்று, தன் பழைய எண்ணைத் தட்டிப் பார்க்கிறாராம். இதுவரை பதில் வந்ததில்லை. அவருடைய லட்சிய கராஜில் மூன்று வண்டிக்கு இடம் இருந்தும் அந்த ஒன்றைத்தான் சொன்னார். ஒருவர் மட்டும் ஃபெராரி, போர்ஷே, ஜாகுவார் என்று மூச்சு விடாமல் அடுக்கினார். யாரும் காது கொடுக்கவில்லை. ஏறக்குறைய எல்லார் கதையும் ஒரே கதைதான்: இளமையில் வாங்கியது, குடும்பத்துக்காக விற்றது, வயதான பின் தேடுவது.

அந்த நேரத்தில் தபால்காரர் எண்ணெய் பார்ப்பதற்காகத் தன் ஸ்பிட்ஃபயரின் பானட்டைத் திறந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நம்ம கார்களில் பானட் என்றால் கண்ணாடிக்கு முன்னால் ஒரு தகடு மேலே தூக்கும், அவ்வளவுதான். இதில் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து முதலை வாயைப் பிளந்த மாதிரித் திறந்தது. எஞ்சின், சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் அம்மணமாகத் தெரிந்தன. டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். என் அண்ணன் அப்படித்தான் உட்கார்ந்து பார்ப்பார். புதுப்பேட்டையில், தகரக் கொட்டகையில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில்.

உங்களில் 50 வயது தாண்டியவர்களுக்கு ஹெரால்டு ஞாபகம் இருக்கும். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று நாட்டுக்கே மூன்று கார் இருந்த காலம். மூன்றில் நம்ம சென்னைப் பிள்ளை ஹெரால்டுதான். பெருங்களத்தூரில் செய்தார்கள். எங்கள் தெரு டாக்டர் வைத்திருந்தார். சின்ன உடம்பு, இரண்டு கதவு, பின்னால் லேசாக வால் மாதிரி தூக்கிய ஓரங்கள். அந்த ஹெரால்டும் இந்த ஸ்பிட்ஃபயரும் உடன்பிறப்புகள் என்பதைக் கோவென்ட்ரியில், 71 வயதில்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். அண்ணனுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா? திரும்பி வந்ததும் மகனை நச்சரித்து ஊர் நூலகம், கார் அருங்காட்சியகம் எல்லாம் அலைந்தேன். கதை இதுதான்.

கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குத் தன் காருக்கு முழு உடம்பை அழுத்தி எடுக்கப் பெரிய பிரஸ் வசதி கிடையாது. ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம் செய்து கொடுத்து வந்தது. 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. இனி எதிரியின் காருக்கு உடம்பு செய்து தருவானா? கிணற்றை வாங்கியவன் தண்ணீர் விடுவானா? அதனால் அடுத்த காரைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைப்பது என்று முடிவு செய்தார்கள். கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம். அதன் மேல் முன்பக்கம் ஒரு துண்டு, நடு ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் செய்து வரும். வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது.

இல்லாமையில் பிறந்த அந்தத் துண்டு முறைக்கு இரண்டு லாபம் கிடைத்தது. பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டுவது சுலபம். சென்னையில் 1961 முதல் அது 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆனது அப்படித்தான். முதலில் இறக்குமதிப் பாகங்கள், பிறகு வருடத்துக்கு வருடம் நம்ம ஊர்ப் பாகங்கள் கூடின. 1968-ல் நமக்கென்றே நாலு கதவு வைத்து ஒன்று செய்தார்கள். இங்கிலாந்திலேயே அது கிடையாது. எஞ்சின் மட்டும் கடைசி வரை அதே 948 சிசி.

இன்னொரு லாபம், அதே சட்டத்தைக் குட்டையாக்கி மேலே வேறு உடம்பு மாட்டலாம். மிக்கெலோட்டி அப்படி ஒரு இரண்டு இருக்கை வண்டியும் செய்து கொடுத்தார். ஆனால் கம்பெனியிடம் காசில்லை, அதைத் தயாரிப்புக்குக் கொண்டுபோக முடியாமல் துணியைப் போர்த்தி ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961-ல் லேலண்ட் நிறுவனம் கம்பெனியை வாங்கியது (நம்ம எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் இருக்கிற அதே லேலண்ட்). சொத்துக் கணக்கெடுக்க வந்தவர்கள் மூலையில் இருந்த துணியை விலக்கிப் பார்த்தார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அது ஸ்பிட்ஃபயர் என்ற பெயரோடு நின்றது. உலகப்போரில் இங்கிலாந்தைக் காத்த போர் விமானத்தின் பெயர். 1147 சிசி எஞ்சின், இரண்டு கார்புரேட்டர், 63 குதிரைசக்தி. வரியெல்லாம் சேர்த்து 729 பவுண்டு. மணிக்கு ஏறக்குறைய 148 கிலோமீட்டர் போகும்.

ஆக ஒரே சட்டம். இங்கே மாமியார், மருமகள், மூன்று பிள்ளைகள், திருப்பதிக்கு மொட்டையடிக்கப் போகும் மூட்டை. அங்கே ஒரு பையனும் அவன் காதலியும். நம்ம ஆட்களுக்கு அந்த ஆசை இல்லாமலா போனது? இறக்குமதிக்குத் தடை, தயாரிப்புக்கு லைசென்ஸ், முன்பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருப்பு. எழுபதுகளில் இந்தியா முழுவதும் வருடத்துக்கு 50,000 கார்கூடச் செய்யவில்லை. இதில் இரண்டே பேர் போகும் காருக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்? கொடுத்தால்தான் நியாயமா என்றும் கேட்கலாம். உணவுக் கப்பலை எதிர்பார்த்து நின்ற தேசம். நான் அன்றைக்கு அந்தப் பக்கம்தான் வாதாடியிருப்பேன். வாதாடவும் செய்தேன், அண்ணனிடம்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் புதுப்பேட்டையில் வேலை பழகி, பிறகு சொந்தமாகக் கொட்டகை போட்டவர். நான் கல்லூரிக் கட்டணம் கட்டியதும், தங்கச்சி படித்ததும் அவர் கைக் கிரீஸில்தான். ஹெரால்டு என்றால் அவருக்கு உயிர். அதன் குறைகளும் அவருக்குத்தான் தெரியும். பின்பக்கம் குறுக்காக ஒரே ஸ்பிரிங் கட்டு, அதில் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் அச்சு. ஆறு பேர் ஏறினால் பின் சக்கரம் இரண்டும் காலை அகட்டி நிற்கும். அண்ணன் ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை கூடப் போட்டு அனுப்புவார். ஆள் இல்லாமல் வேகமாகத் திருப்பினால் நேர் எதிர், சக்கரம் உள்ளே மடங்கிப் பின்பக்கம் வழுக்கும். "பொண்ணு மாப்ள மாதிரிடா இது, ரொம்ப ஏத்தினாலும் கோணும், தனியா விட்டாலும் கோணும்" என்பார். ஸ்பிட்ஃபயருக்கும் அதே கோளாறு இருந்ததாம், 1970-ல்தான் ஸ்பிரிங்கை மாற்றிச் சரிசெய்தார்கள் என்று தபால்காரர் சொன்னார். ஆனால் திரும்புவதில் இரண்டுக்கும் ஈடு கிடையாது. 25 அடி வட்டத்துக்குள் ஹெரால்டு முழுசாகத் திரும்பிவிடும். சந்துக்குள் திருப்பிக் காட்டி வாடிக்கையாளர்களை அண்ணன் மயக்குவார்.

கொட்டகைச் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு சிவப்பு வண்டியின் படம் ஒட்டியிருந்தது. "இது யாரு தெரியுமா? நம்ம ஹெரால்டோட தம்பி" என்று ஒரு தடவை சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டாவது படித்தவர் ஏதோ சொல்கிறார் என்ற நினைப்பு. பி.ஏ. வரலாறு படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் இல்லையா?

1972 என்று நினைவு. பெயின்ட் அடிக்க வந்த ஒரு ஹெரால்டின் கூரையைப் போல்ட் கழற்றி இறக்கி வைத்திருந்தார். ஹெரால்டில் அது முடியும், கூரை தனித் துண்டு என்று சொன்னேனே. விடியற்காலை நாலரை மணிக்கு என்னை எழுப்பி, "ஏறுடா" என்றார். புதுப்பேட்டையிலிருந்து மவுண்ட் ரோடு, அங்கிருந்து கடற்கரைச் சாலை, சாந்தோம் வரை போய்த் திரும்பினோம். தலைக்கு மேல் ஒன்றுமில்லை. கடல் காற்று வாயில் உப்புக் கரித்தது. அண்ணன் பேசவே இல்லை, சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஆறு மணிக்குள் கூரை தன் இடத்தில் படுத்துவிட்டது. வண்டிக்காரருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படிக்கிற மாணவர்கள் இந்தப் பகுதியைப் பின்பற்ற வேண்டாம்.

சோழவரம் பந்தயத்துக்கும் அவர்தான் கூட்டிப்போவார். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா சாலையில், இரண்டாம் உலகப்போரில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. நிழலே கிடையாது. கட்டுச்சோறும் ஈரத்துண்டும்தான் துணை. ராஜா வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டு வண்டிகளோடு வருவார்கள். அதே நாள், நம்ம ஃபியட்டும் ஹெரால்டும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு தனிப் பிரிவில் ஓடும். அண்ணன் அந்தப் பிரிவு வரும் வரை உட்கார மாட்டார். வளைவில் எவன் சரியாகத் திருப்புகிறான், எவனுக்குச் சக்கரம் மடங்குகிறது என்று வர்ணனை வேறு.

1978-ல் அண்ணன் என்னிடம் வந்தார். நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். விபத்தில் நசுங்கிய ஒரு ஹெரால்டை யாரோ விலைக்குக் கொடுக்கிறார்கள், பாதிப் பணம் கட்டி வாங்கிவிட்டார், மீதிக்கு 2,500 ரூபாய் வேண்டும். கூரையை எடுத்துவிட்டு, இரண்டு கார்புரேட்டர் மாட்டி, கிளிப்பச்சை பெயின்ட் அடித்து, சோழவரத்தில் ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும். "ஒரு தடவைதான்டா" என்றார்.

என்னிடம் பணம் இருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்தது. கொடுக்க முடியாது என்று சொன்னது தப்பில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. வாத்தியார் வாய் அல்லவா? "ரேஸெல்லாம் பணக்காரன் விளையாட்டுண்ணே. அப்பாவுக்கு மாத்து வேட்டி இல்ல, உங்களுக்குக் கார் பந்தயம் கேக்குதா?" என்றேன். அந்த வீட்டில் எல்லாருக்கும் வேட்டி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அண்ணி அடுப்படியில் இருந்தார், காதில் விழுந்திருக்கும். அண்ணன் "சரிடா" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். அதன் பிறகு சாகும் வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வண்டியைப் பிரித்துத் துண்டு துண்டாக விற்றார். பானட் ஒருவருக்கு, கதவு ஒருவருக்கு, பின்பக்கம் ஒருவருக்கு. துண்டுகளாகச் செய்த வண்டி என்பதால் விற்பதும் சுலபமாக இருந்திருக்கும்.

இனி மீதி வரலாறு. இந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்டாலும் அவற்றின் தலையெழுத்தை எழுதியது அமெரிக்கா. போர் முடிந்தபோது இங்கிலாந்து கடனில் மூழ்கிக் கிடந்தது. ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் இரும்பு ஒதுக்கீடு. இங்கிலாந்தில் முகாமிட்டிருந்த அமெரிக்க வீரர்கள் எம்.ஜி. வண்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். எம்.ஜி. என்றால் 'மோரிஸ் கராஜஸ்', ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கராஜில் தொடங்கிய பெயர். 1945-ல் வந்த எம்.ஜி. டி.சி. மொத்தம் 10,000 அளவுக்குத்தான் செய்யப்பட்டது, ஸ்டியரிங்கும் வலதுபக்கம். அமெரிக்காவில் சாலை வேறு பக்கம் என்றாலும் அப்படியே வாங்கினார்கள். அங்கே கார் என்றால் கப்பல் மாதிரி இருந்த காலம். இதைக் கண்டு மற்றவர்களும் இறங்கினார்கள். 1953-ல் டிரையம்ப் டி.ஆர்.2, 1955-ல் எம்.ஜி.ஏ., 1962-ல் எம்.ஜி.பி.யும் ஸ்பிட்ஃபயரும். எம்.ஜி.பி. மட்டும் 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு.

அறுபதுகளின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் புகைக்கும் பாதுகாப்புக்கும் சட்டங்கள் வந்தன. நல்ல சட்டங்கள்தான். ஆனால் பழைய எஞ்சின் மூச்சுத் திணறியது, 1974-ல் எம்.ஜி.பி. மூக்கில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்து உட்கார்ந்தது. புது வண்டி வடிவமைக்கக் கம்பெனியிடம் பணமில்லை, தொழிற்சாலைகளில் ஓயாத தகராறு. கடைசியில் பவுண்டு மதிப்பு ஏறியதும் அமெரிக்காவில் விற்கிற ஒவ்வொரு வண்டியும் நட்டம். 1980 ஆகஸ்டில் கடைசி ஸ்பிட்ஃபயர், அக்டோபரில் எம்.ஜி.யின் அபிங்டன் தொழிற்சாலைக்குப் பூட்டு. ஸ்பிட்ஃபயர் மொத்தம் 3,14,000-க்கு மேல் செய்யப்பட்டிருந்தது. கேன்லியில் இருந்த டிரையம்ப் தொழிற்சாலை நின்ற இடத்தை மகன் காட்டினான். எல்லாம் அலுவலகங்கள், கடைகள். ஒரு தெருவுக்கு மட்டும் 'ஹெரால்டு அவென்யூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன். முதல் பின்னூட்டத்தில் போடுகிறேன்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். தொடர்ந்தது ஜப்பானில். 1979-ல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹிரோஷிமாவின் மாஸ்டா கம்பெனியில் கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளரிடம், இங்கிலாந்துக்காரன் கைவிட்டதை நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று எடுத்துச் சொன்னார். யமமோட்டோ பின்னாளில் கம்பெனியின் தலைவரானவர். அவர் மனதை மாற்ற ஒரு பழைய வண்டியைக் கொடுத்து ஹகோனே மலைப்பாதையில் ஓட்டச் சொன்னார்கள். அது என்ன வண்டி என்று நினைக்கிறீர்கள்? டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்! நம்ம ஹெரால்டின் தம்பி. இதைப் படித்தபோது நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டா எம்.எக்ஸ்-5, அமெரிக்கப் பெயர் மியாட்டா, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வந்தது. அவர்கள் மாதிரியாக வைத்துப் படித்த வண்டிகளில் ஒன்று 1962-ன் லோட்டஸ் இலான். அந்த இலானின் முன் சக்கர அமைப்பில் ஹெரால்டு குடும்பத்துப் பாகங்கள் இருந்தன என்பது இன்னொரு வேடிக்கை. வாங்கியவர்களில் பலர் இருபது வருடம் முன்பு எம்.ஜி.யோ டிரையம்போ வைத்திருந்து, குழந்தை பிறந்ததும் விற்றவர்கள். இப்போது கையில் காசு, வீட்டில் பிள்ளைகள் இல்லை. போதாததற்கு, ஜப்பான் வண்டி எண்ணெய் ஒழுகாது. 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது.

அன்றைய கூட்டத்தில் 27 வயதுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். 1990-ல் செய்த மாஸ்டா வைத்திருக்கிறாள், அவளைவிட அது மூத்தது. அந்த நாட்டில் 40 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது, என் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் வருடம்தான் என்று சிரித்தாள். லட்சிய கராஜில் என்ன என்று கேட்டார்கள். "இதுதான், ஆனால் துரு இல்லாமல்" என்றாள். அன்றைக்கு எல்லாரும் கைதட்டிய ஒரே பதில் அது.

பிறகு என் முறை.

வயது 71 என்றேன். வைத்திருந்த வண்டிகள்: ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள், ஒரு டி.வி.எஸ். 50, 1999-ல் வாங்கிய பழைய மாருதி 800. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் டி.வி.எஸ். 50 எத்தனை சிசி என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது கேள்விக்கு ஏதாவது பெரிய பெயர் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வந்தது வேறு. ஒரு ஹெரால்டு, மதராஸில் செய்தது, கூரை இல்லாமல், இரண்டு கார்புரேட்டர், கிளிப்பச்சை என்றேன். மற்ற இரண்டு இடம் காலியாக இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். என் இங்கிலீஷில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. வேட்டியை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் 'சட்டை' என்று மாற்றிச் சொன்னேன். அந்த 81 வயதுக்காரர் மட்டும், "வண்டி எண் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதைக் குறித்து வைத்திருக்க வேண்டும்" என்றார்.

கிளம்பும்போது தபால்காரர் கூரைத் துணியை மடக்கிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த நிறுத்துமிடத்திலேயே ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். வட்டம் அவ்வளவு சின்னது, ஒரே இடத்தில் நின்று சுழல்கிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை என்றேன். சுற்றினார்.

வரும் வழியில், அண்ணனுடைய கருவிகள் என்னவாயின என்று கேட்டார். இந்த வண்டிகளுக்கு இஞ்ச் அளவு ஸ்பேனர்தான் வேண்டும், 7/16, 1/2, 9/16. மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாக உட்காராது, போல்ட் தலை மழுங்கிவிடும். நல்ல பழைய செட் கிடைப்பது அங்கேயே கஷ்டமாம். எனக்குப் பதில் தெரியவில்லை.

அண்ணன் மகன் இதைப் படிப்பான். டேய் பெரியவனே, அந்தப் பச்சைப் பெட்டி உங்க வீட்டுப் பரணில்தானே இருந்தது? அண்ணியிடம் கேட்டு, இருக்கிறதா என்று பார்த்துச் சொல். சுவரில் ஒட்டியிருந்த அந்தச் சிவப்பு வண்டிப் படத்தையும், இருந்தால்.